மெமரி கார்டில் வந்த ஆங்கில வகுப்பு: வங்கதேசத்தில் ஒன்பது ஆண்டுகள்

நோக்கியா சி1-01 சிலருக்கு நினைவிருக்கும். 2010ல் சந்தைக்கு வந்த பட்டன் போன். திரை 1.8 அங்குலம், அதில் ஓடும் வீடியோ தீப்பெட்டியைவிடச் சின்னதாகத் தெரியும். உள்ளே பிஎல்-5சி பேட்டரி, ஊர்ப் பெட்டிக்கடையில்கூடக் கிடைத்த அதே பேட்டரி. எஃப்எம் உண்டு, ஹெட்போன் மாட்டும் துளை உண்டு, மெமரி கார்டு போட இடம் உண்டு. பெரிதாக வேறொன்றும் இல்லை. இந்தப் போனை நம்பித்தான் வங்கதேசத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்களிடம் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

திட்டத்தின் பெயர் ‘இங்கிலீஷ் இன் ஆக்‌ஷன்’. 2008ல் தொடங்கி 2017ல் முடிந்தது. பிரிட்டன் அரசின் சர்வதேச வளர்ச்சித் துறை 5 கோடி பவுண்ட் ஒதுக்கியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆசிரியர் பயிற்சியை எடுத்துக்கொண்டது. பிபிசியின் தொண்டு அமைப்பு பொதுமக்களுக்கான பகுதியை எடுத்துக்கொண்டது. மொத்தம் 2.5 கோடிப் பேரை எட்ட வேண்டும் என்பது இலக்கு.

நான் தமிழ்நாட்டில் ஒரு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். ஆங்கிலப் பாடம். இந்தத் திட்டத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது போன் மேல் உள்ள ஆசையால் இல்லை. நாங்கள் கொடுக்கும் பயிற்சி ஏன் பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது என்ற எரிச்சலால். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், சாயங்காலம் ஒரு குழுப் புகைப்படம். திங்கட்கிழமை வகுப்பில் மறுபடியும் பழைய பாடம், பழைய முறை. இந்தக் கதை வங்கதேசத்துக்கும் அப்படியே பொருந்துவதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

புத்தகம் மாறியது, வகுப்பு மாறவில்லை

வங்கதேசத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் கட்டாயப் பாடம். 1990களில் அங்கே இலக்கணம், மொழிபெயர்ப்பு என்றிருந்த பழைய பாட்டையை விட்டு, பேசவும் கேட்கவும் இடம் தரும் முறைக்குப் பாடத்திட்டத்தைத் திருப்பினார்கள். ‘இங்கிலீஷ் ஃபார் டுடே’ பாடநூல்கள் அந்த நோக்கத்தில் எழுதப்பட்டவை. ஜோடியாகப் பேசு, குழுவாக யோசி, கேட்டுப் பதில் சொல் என்று பயிற்சிகள் இருந்தன.

ஆனால் வகுப்பறைக்குள் நடந்தது வேறு. திட்டம் தொடங்கியபோது ஆய்வாளர்கள் பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியர் புத்தகத்திலிருந்தோ கரும்பலகையிலிருந்தோ வாசிக்கிறார், வங்காளத்தில் விளக்குகிறார், பிள்ளைகள் கூட்டாகத் திருப்பிச் சொல்கிறார்கள். ஒரு பிள்ளை தன் வாயால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வது அபூர்வம். ‘ஜோடியாகப் பேசு’ என்று புத்தகத்தில் இருக்கும் பயிற்சியை ஆசிரியரே இரண்டு குரலிலும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். நான் அந்த வகுப்புகளைப் பார்க்கவில்லை. ஆனால் இங்கே நூறு முறை பார்த்திருக்கிறேன்.

ஆசிரியரைக் குறை சொல்வது சுலபம். வகுப்பில் அறுபது பிள்ளைகள். பல தொடக்கப் பள்ளிகள் காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட் என்று ஓடுபவை. ஆசிரியர் தன் வாழ்நாளில் ஆங்கிலம் பேசக் கேட்டது மிகக் குறைவு. தானே கேட்டிராத ஒரு பேச்சை மற்றவர்க்கு எப்படிப் பழக்குவது? தலைநகரில் பயிற்சி பெற்றவர் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டம் தனக்குக் கீழுள்ள வட்டாரமான உபஜிலாவுக்குச் சொல்லி, உபஜிலா ஆசிரியருக்குச் சொல்லும் அடுக்குப் பயிற்சியில் கடைசி ஆளுக்குக் கிடைப்பது வாய்க்காலின் கடைமடைக்கு வரும் தண்ணீர்தான்.

ஜன்னல்

முதலில் பொதுமக்கள் பகுதியைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கு ஆர்வம் குறைவுதான். ஆனால் உலகச் செய்திகளில் வந்தது அதுதான்.

2009 நவம்பரில் ‘பிபிசி ஜானாலா’ தொடங்கியது. ஜானாலா என்றால் வங்காளத்தில் ஜன்னல். போர்த்துகீசியர் விட்டுப்போன ஒரே சொல்லைத்தான் அவர்களும் நாமும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எந்த போனிலிருந்தும் 3000 என்ற எண்ணை அழுத்தினால் மூன்று நிமிட ஆங்கிலப் பாடம் ஒலிக்கும். அப்போது நாட்டில் இருந்த ஆறு தொலைபேசி நிறுவனங்களும் ஒத்துக்கொண்டு கட்டணத்தைக் குறைத்தன. ஒரு பாடத்தைக் கேட்க ஒரு டீ குடிக்கும் செலவுகூட ஆகாது. முறையான தொடக்க விழாவுக்கு முன்பே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அழைத்துவிட்டார்கள் என்பது அப்போதைய செய்தி. அப்புறம் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் ‘பிரதோம் ஆலோ’ நாளிதழில் பாடங்களும் வந்தன.

ஆங்கிலத்துக்காக அங்கே எவ்வளவு பசி இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. கற்றார்களா என்பது வேறு கேள்வி. அழைத்தவர் எண்ணிக்கை தெரியும். எத்தனை பேர் இருபதாவது பாடம்வரை வந்தார்கள் என்பதுதான் நான் கேட்பது. பதிவுசெய்த குரல் சொல்லிக்கொண்டே போகும். நீங்கள் தப்பாகச் சொன்னால் அதற்குத் தெரியாது. போன் வீட்டு ஆண்களின் சட்டைப்பையில் இருந்த காலம் வேறு. பெண்கள் ஒரு பாடம் கேட்க வேண்டுமென்றால் முதலில் போனைக் கேட்க வேண்டும்.

பள்ளிகளில் நடந்ததில் இந்தச் சிக்கல்கள் குறைவு. அங்கே போனைப் பிள்ளையிடம் கொடுக்கவே இல்லை.

கார்டுக்குள் என்ன இருந்தது

முன்னோட்டக் கட்டத்தில், அதாவது 2011க்கு முன்னால், சில நூறு ஆசிரியர்களுக்கு ஐபாட் கொடுத்தார்கள். கூடவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் ஸ்பீக்கர் ஒன்று. ஐபாட் நன்றாக வேலை செய்தது, ஆசிரியர்களுக்கும் பிடித்தது. ஆனால் சில நூறு பேருக்குக் கொடுத்ததை ஆயிரக்கணக்கில் கொடுக்கக் காசு இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கிராமத்து ஆசிரியரிடம் அவர் மாதச் சம்பளத்தைவிட விலை கூடிய ஒரு பொருளைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? பீரோவில் வைத்துப் பூட்டுவார். வங்கதேசத்தில் அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை. எங்கள் பள்ளிகளில் டேப்லெட்டுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

அடுத்த கட்டத்தில்தான் சி1-01 வந்தது. ஊரில் எல்லோரும் பார்த்த சாதனம், ரிப்பேர் செய்ய ஆள் உண்டு, பேட்டரி தீர்ந்தால் கடையில் வாங்கலாம். பாடங்கள் எல்லாம் மைக்ரோ எஸ்டி கார்டில். இணையம் தேவையே இல்லை என்று முடிவு செய்ததுதான் இந்தத் திட்டத்தின் மிகப் புத்திசாலித்தனமான முடிவு என்பது என் கருத்து. சிக்னல் வந்தாலும் வராவிட்டாலும், ரீசார்ஜ் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும், கார்டு ஓடும். மின்வெட்டு நேரத்திலும் ஓடும்.

கார்டில் இரண்டு வகைச் சரக்கு. ஒன்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் ஒலிப்பதிவு. பாடநூலின் பாடங்களோடு ஒட்டிய உரையாடல், பாட்டு, கதை. தொடக்கப் பள்ளிக்குப் படங்களும் அட்டைகளும் தனியாகக் கொடுத்தார்கள். போனை ஸ்பீக்கரில் செருகி ஓடவிட்டால் ஒரு குரல் பேசும், பிள்ளைகள் கேட்டுச் செய்வார்கள். சரியான உச்சரிப்புக்கு ஆசிரியர் மட்டுமே பொறுப்பு என்ற பாரம் அந்த இடத்தில் இறங்கிவிடுகிறது.

இரண்டாவது வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆசிரியருக்கான வீடியோக்கள். வங்கதேசத்துப் பள்ளிகளிலேயே, அங்குள்ள ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் வைத்து எடுத்தவை. நெருக்கமான பெஞ்சுகள், நிறைந்த வகுப்பு. ஒருவர் நடுவில் வந்து, ‘இந்த ஆசிரியர் இப்போது என்ன செய்தார், கவனித்தீர்களா’ என்கிற மாதிரி வழிநடத்துவார். அதைப் பார்த்துவிட்டு ஆசிரியர் தன் வகுப்பில் செய்துபார்க்க வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் இதற்கு ‘சட்டைப்பைப் பயிற்றுநர்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். என் வேலைக்கு வேட்டு வைக்கிற பெயர், ஆனால் பொருத்தமான பெயர்.

ஏன் உள்ளூர் வகுப்பறை முக்கியம் என்றால், பயிற்சி வீடியோ என்று நாங்கள் காட்டுவதில் இருபது பிள்ளைகள், வட்டமேசை, தரைவிரிப்பு எல்லாம் இருக்கும். பார்த்ததும் பின்வரிசையில் ஒருவர் மெல்லச் சொல்வார், “இந்த மாதிரி வகுப்பு குடுங்க சார், நாங்களும் நடத்துறோம்.” அவர் சொல்வதில் தப்பில்லை. அறுபது பேர் இருக்கும் வகுப்பில், பெஞ்சை நகர்த்த இடமில்லாத இடத்தில், முன்பெஞ்சுக்காரன் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் அது ஒரு நால்வர் குழு என்று ஒருவர் செய்து காட்டினால் அந்த வாய் அடைபட்டுவிடும்.

போன் மட்டும் தனியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியிலிருந்து குறைந்தது இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். ஒருவருக்கொருவர் வகுப்பைப் பார்க்கவும், பேசிக்கொள்ளவும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அவ்வப்போது ஒரு நாள் கூடினார்கள். அந்தக் கூட்டங்களை நடத்தியவர்கள் அந்த வட்டாரத்திலேயே ஆசிரியராக இருந்தவர்கள். தலைமையாசிரியர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பிலிருந்து பாட்டும் சத்தமும் வந்தால் ஹெச்எம் வந்து ‘என்ன இது’ என்று கேட்கக் கூடாது அல்லவா.

ஸ்பீக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. போனைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். பட்டன் போனின் சொந்த ஒலிபெருக்கி இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது. எங்கள் பக்கம் ஒரு டீச்சர் போனை எவர்சில்வர் சொம்புக்குள் வைத்துப் பாட்டுப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எல்லா எழுத்தும் குழைந்துவிடும். சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை; ‘ஷிப்’புக்கும் ‘சிப்’புக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுக்கப் பயன்படாது. மழை பெய்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் அதுவும் போய்விடும். இது தெரிந்தவர்கள்தான் போன் பட்ஜெட்டோடு ஸ்பீக்கர் பட்ஜெட்டையும் சேர்த்துப் போடுவார்கள்.

வெஜிடேபிள்

இங்கே என் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லாவிட்டால் அந்தத் திட்டத்தில் எனக்கு எது உறைத்தது என்று விளங்காது.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளி. அங்கே ஒரு டீச்சருக்குப் பத்தொன்பது வருடப் பணி. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ஆங்கிலத்தில் ஏதாவது படிக்கச் சொல்லிவிடுவேனோ என்று கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்காருவார். வங்கதேசத்துக் கதையைப் படித்த உற்சாகத்தில் நான் சில பாடங்களுக்கு ஒலிப்பதிவு சேர்த்து, மொபைல் கடையில் கார்டு ரீடர் வாங்கி, பன்னிரண்டு மெமரி கார்டுகளில் ஏற்றி, கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். அவர் கூட்டத்தில் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு செருப்பு மாட்டும் இடத்தில் நின்று, “சார், ஒண்ணு மிச்சம் இருக்கா?” என்றார்.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குப் போனேன். நான்காம் வகுப்பு, காய்கறிப் பாடம். கரும்பலகையில் கத்தரிக்காய், கேரட், முட்டைக்கோஸ் வரைந்திருந்தார். ‘வெஜ்டபிள்’ என்றார். மூன்றே அசை. நடுவில் உள்ள ‘ஜி’ வெறும் ‘ஜ்’ ஆகியிருந்தது, ‘டே’ ‘ட’ ஆகியிருந்தது. பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அவரே ஆரம்பித்தார். “பத்தொன்பது வருஷமா வெஜிடேபிள், வெஜிடேபிள்னு சொல்லிக் குடுத்திருக்கேன் சார். ராத்திரி சமையல் முடிச்சிட்டு காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டேன். நாலு தடவை கேட்டேன். போன்தான் தப்பாச் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

என்னிடம் கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. என்னிடம் கேட்க முடியாது என்பதுதானே விஷயம். முப்பது பேர் முன்னால் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்வதைவிட ஒரு வருடம் பேசாமல் இருப்பது அவருக்கு மேல். போனிடம் வெட்கம் கிடையாது. நான்காவது முறையும் அதே பொறுமையோடு சொல்லும். ‘இதுகூடத் தெரியாதா’ என்று புருவம் தூக்காது. மேல்வீட்டு மாமியார் காதிலும் விழாது, ஹெட்போன் போட்டிருந்தால்.

வங்கதேசத்து ஆய்வுகளைப் படிக்கையில் ‘தன்னம்பிக்கை’ என்ற சொல் ஆசிரியர் பேட்டிகளில் திரும்பத் திரும்ப வரும். ஆரம்பத்தில் வழக்கமான பேச்சு என்று தாண்டிப் போனேன். பிறகுதான் புரிந்தது. போன் அங்கே ஆங்கிலம் கற்பித்தது பாதி. மீதிப் பாதி, ஒரு ஆசிரியர் யாருக்கும் தெரியாமல் தன் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்ள ஓர் இருட்டு மூலையைக் கொடுத்தது. எந்தப் பயிற்சி மண்டபத்திலும் அந்த மூலை இல்லை.

அளந்தது எப்படி

சரி, பலன் என்ன?

வகுப்பறையில் உட்கார்ந்து, குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை, இப்போது யார் பேசுகிறார், எந்த மொழியில், பிள்ளைகள் தனியாகவா, ஜோடியாகவா, கூட்டாகவா என்று குறித்துக்கொண்டே போனார்கள். முதலில் பார்த்ததோடு ஒப்பிட்டால் மாற்றம் தெளிவாக இருந்தது. ஆசிரியர் பேச்சில் பாதிக்கு மேல் ஆங்கிலமாக மாறியது. பிள்ளைகள் பேசும் நேரம் கூடியது. அவர்கள் பேசியதிலும் பெரும்பகுதி ஆங்கிலம். கூட்டாகச் சொல்வது அடியோடு போய்விடவில்லை, ஜோடிப் பேச்சுக்கும் குழுப் பேச்சுக்கும் கிடைத்த நேரம் இன்னும் குறைவுதான். ஒலிப்பதிவைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதே ஒரு புதுவகை ஒப்பித்தல் ஆகிவிடுமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஆங்கிலத் திறனை அளக்க லண்டன் டிரினிட்டி கல்லூரியின் வாய்மொழித் தேர்வை அடிப்படையாக வைத்தார்கள். பன்னிரண்டு படிகள் கொண்ட தேர்வு. முதல் படியில் கேட்பது: உன் பெயர் என்ன, வயது என்ன, இது என்ன நிறம், மூக்கைத் தொடு, பென்சிலைக் காட்டு. நேருக்கு நேர் ஒருவர் உட்கார்ந்து கேட்பார், பிள்ளை பதில் சொல்ல வேண்டும். எழுத்தே கிடையாது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பிள்ளைகளில் முன்னைவிடக் கூடுதலானவர்கள் முதல் படியையோ அதற்கு மேலோ எட்டினார்கள். ஆசிரியர்களின் நிலையும் நகர்ந்தது.

முதல் படி என்றால் என்னவென்று பார்த்தீர்கள். ஐந்தாம் வகுப்புவரை ஐந்து வருடம் ஆங்கிலம் படித்த பிள்ளை மூக்கைத் தொட்டுக் காட்டுவதை ஒரு சாதனையாக எழுத வேண்டியிருக்கிறது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்கினார்கள் என்பதைச் சொல்லாமல் எங்கே போனார்கள் என்று சொல்வது விளம்பரம். அந்தத் தொடக்கப்புள்ளியை மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்கு மரியாதை.

குறையும் இருக்கிறது. ஆரம்ப ஆய்வுகளில் முன்னால் சோதித்த பிள்ளைகளும் பின்னால் சோதித்த பிள்ளைகளும் ஒரே பிள்ளைகள் இல்லை. திட்டத்தில் சேராத பள்ளிகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் இல்லை. ஆகவே கூடுதல் தேர்ச்சியில் எவ்வளவு போனுக்கு, எவ்வளவு கூட்டங்களுக்கு, எவ்வளவு ‘யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள்’ என்ற உந்துதலுக்கு என்று பிரிக்க முடியாது. என்னைக் கேட்டால் பிரிக்கவும் கூடாது. போனை மட்டும் கொடுத்துக் கூட்டத்தை விட்டிருந்தால் கார்டில் இந்நேரம் சினிமாப் பாட்டு ஏறியிருக்கும்.

எங்கே இடித்தது

வங்கதேசப் பொதுத்தேர்வு அப்போது எழுத்துத் தேர்வு. கேட்டல், பேசுதலுக்கு அதில் மதிப்பெண் இருக்கவில்லை. எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு நெருங்க நெருங்க ஆசிரியர் ஸ்பீக்கரை எடுத்து வைத்துவிட்டு மாதிரி வினாத்தாளை எடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர் அவர்தான். பிள்ளைகள் ஆங்கிலம் பேசவில்லை என்று யாரும் இதுவரை யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை. போனால் இதில் ஒன்றும் செய்ய முடியாது. வினாத்தாள் எடுப்பவர்தான் செய்ய முடியும்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் நூறு மதிப்பெண்ணும் பேனாவுக்குத்தான்.

பணம் இரண்டாவது விஷயம். வெளிநாட்டுப் பணத்தில் ஓடும் திட்டத்துக்கு முடிவுத் தேதி முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கும். இதை அவர்கள் முன்கூட்டியே யோசித்தார்கள். கடைசிக் கட்டத்தில், 2014க்குப் பிறகு, போன் கொடுப்பதை விட்டுவிட்டு, ஆசிரியரின் சொந்த போனுக்கு மெமரி கார்டு மட்டும் கொடுக்கும் வழிக்கு மாறினார்கள். அதற்குள் பெரும்பாலான ஆசிரியர்களிடம் போன் வந்திருந்தது. செலவு பெரிதும் குறைந்தது, ஆயிரக்கணக்கிலிருந்து பல்லாயிரம் ஆசிரியர்களுக்குப் போக முடிந்தது. நல்ல கணக்கு. ஆனால் அதிலும் ஒரு சிக்கல்: சொந்த போனில் கார்டு போட வேண்டும் என்றால் அதில் ஏற்கெனவே இருக்கும் கார்டைக் கழற்ற வேண்டும். அதில் மகள் கல்யாண வீடியோ இருக்கும். எந்தக் கார்டு உள்ளே இருக்கும், எது மேசை இழுப்பறையில் இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை.

மூன்றாவதாக, போன் மாறிக்கொண்டே இருக்கிறது. பட்டன் போனுக்காக, இணையம் தேவைப்படாதபடி வடிவமைத்த ஒன்று, 2017ல் எல்லோரும் டச் போன் வைத்திருக்கும் காலத்தில் முடிந்தது. இப்போது ஏன் கார்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாதா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள்.

அனுப்பிப் பார்த்தேன். எங்கள் குழுவில் 140 ஆசிரியர்கள். காலை ஆறு மணிக்குப் பாடத்தின் ஒலிப்பதிவைப் போட்டேன். ஏழு மணிக்குள் அதன் மேல் பதினேழு காலை வணக்கப் படங்கள், ஒரு முருகன், இரண்டு பிறந்தநாள் வாழ்த்து, ‘இன்று மாலைக்குள் அனுப்பவும்’ என்று ஒரு படிவம். பத்து மணிக்கு வகுப்பில் நிற்கும் ஆசிரியர் அதைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கார்டில் ‘வகுப்பு 4, பாடம் 3’ என்று ஃபோல்டர் இருக்கும், திறந்தால் இருக்கும். வாட்ஸ்அப்பில் எல்லாம் இருக்கும், எதுவும் கைக்கு வராது.

2018லிருந்து நம் பாடநூல்களில் க்யூஆர் கோடு இருக்கிறது. ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். யோசனை அருமையானது. சிக்னல் இருக்கும் இடத்தில் ஓடுகிறது. மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நான் பார்த்தது: டீச்சர் ஸ்கேன் செய்தார், திரையில் வட்டம் சுற்றியது. நாற்பது பிள்ளைகளும் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். அரை நிமிடம் கழித்து அவர் போனைத் தூக்கிப் பிடித்து ஜன்னலோரம் போனார். பிள்ளைகளின் தலைகள் எல்லாம் சூரியகாந்திப் பூ மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பின. ஒரு நிமிடம் ஆயிற்று. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, “சரி, புக்கை எடுங்க” என்றார். அதற்குப் பிறகு அந்த டீச்சர் எத்தனை முறை ஸ்கேன் செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? இணையம் இல்லாமல் ஓட வேண்டும் என்று அங்கே எடுத்த முடிவை நான் ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால் இதற்காகத்தான். வகுப்பறையில் ஒரு சாதனம் ஒருமுறை ஆசிரியரை அசடு வழிய வைத்துவிட்டால் இரண்டாவது வாய்ப்பு அதற்குக் கிடைக்காது.

கார்டு யாரிடம்

ஈராசிரியர் பள்ளி டீச்சர் கதையை முடிக்கவில்லை.

ஒரு பள்ளிக்கு இரண்டு பேர் என்று வங்கதேசத்தில் வைத்த விதியை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பன்னிரண்டு கார்டுகளையும் பன்னிரண்டு பள்ளிகளுக்குக் கொடுத்தேன், பள்ளிக்கு ஒன்று. நிறையப் பள்ளிகளை எட்டியதாக அறிக்கையில் எழுத வசதியாக இருந்தது. ஆறு பள்ளிகளாகக் குறைத்து இரண்டிரண்டு பேருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தனியாக ஒருவர் புதிதாக எதையாவது செய்தால், முதல் தடவை சொதப்பியதும் விட்டுவிடுவார். பக்கத்து வகுப்பில் இன்னொருவரும் சொதப்பிக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் மதியச் சாப்பாட்டில் சிரித்துவிட்டு மறுநாள் தொடர்வார்கள். மூன்றாவது மாதக் கடைசியில் கணக்கெடுத்தபோது பன்னிரண்டில் நான்கு கார்டுகள்தான் பயன்பாட்டில் இருந்தன.

அந்த டீச்சரின் கார்டு அந்த நான்கில் ஒன்று. கூட்டத்தில் தூணுக்குப் பின்னாலிருந்து நடுவரிசைக்கு வந்திருந்தார். ஒருமுறை கதை ஒன்றை எழுந்து நின்று வாசித்தார். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

அந்த வருடப் பொது மாறுதல் கலந்தாய்வில் அவருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தது. பத்தொன்பது வருடம் காத்திருந்த இடம். மகிழ்ச்சியாகப் போனார். போகும்போது, பள்ளிக்குக் கொடுத்தது பள்ளியிலேயே இருக்கட்டும் என்று கார்டைக் கழற்றி, ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் போட்டு, ‘ஆங்கிலம் வகுப்பு 4, 5’ என்று பிளாஸ்திரி ஒட்டி எழுதி, ஹெச்எம்மிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அடுத்த முறை பள்ளிக்குப் போனபோது ஹெச்எம் அந்த டப்பாவை எடுத்துக் காட்டினார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அப்புறம் தன் புது போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கார்டு போடுற எடமே இல்லையே சார்” என்றார்.